நான்காம் நாள் பார்த்த கால்கள்: புராஸ்டேட் அழற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆவணி மாத மழை. ரங்கூனில் அந்த வாரம் தாழ்வான தெருக்களில் எல்லாம் முழங்கால் தண்ணீர். காலை பத்து மணி வாக்கில், பெகு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவரை வேனில் படுக்க வைத்துக் கூட்டி வந்தார்கள். வயது 54. வேனை ஓட்டி வந்தவர் அவருடைய அக்கா மகன்.

"நாலு நாளா காய்ச்சல் சயா. ஒன்னுக்குப் போனா மொளகாய அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுங்கறார். இன்னைக்குக் காலையிலேருந்து சொட்டுச் சொட்டாத்தான் வருது" என்றார் மருமகன். இங்கே வாத்தியாரும் சயாதான், டாக்டரும் சயாதான். தமிழ் பேசும்போதும் அந்தப் பர்மியச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மாமனும் மருமகனும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை, என் தவறுகள் உட்பட.

முதல் நாள்

காய்ச்சல் 102.9 டிகிரி. நாடித்துடிப்பு 118. ரத்தச் சர்க்கரை 340. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கிளிபென்கிளமைடு மாத்திரையைக் கையில் காசு இருக்கும்போது போடுவார், இல்லாதபோது விட்டுவிடுவார். ஊர் மருந்துக்கடையில் நாலைந்து மாத்திரைகளைக் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுத்ததை மூன்று நாள் விழுங்கியிருந்தார். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கடைக்காரருக்குத்தான் வெளிச்சம்.

வலி எங்கே என்று கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டே லுங்கிக்கு மேலாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் கையை வைத்துக் காட்டினார். குளிர் நடுக்கம், நீர்க்கடுப்பு, அந்த இடத்தில் வலி. நடுத்தர வயது ஆணுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது புராஸ்டேட்டைத்தான்.

புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி மோதிரம் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி. வாலிபத்தில் கொட்டைப்பாக்கு அளவுதான். விந்தோடு கலக்கும் நீரில் ஒரு பங்கைச் சுரக்கிறது. குழாயைச் சுற்றி இருப்பதால் அது வீங்கினால் முதல் அடி மூத்திரத்துக்கு.

கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்த்தேன். வீங்கி, சூடாக, தொட்டதும் துள்ளும் அளவுக்கு வலி. இந்தச் சோதனையை மெதுவாக, ஒரே தடவை செய்ய வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது புராஸ்டேட்டை அழுத்திப் பிசையவே கூடாது, கிருமி நேராக ரத்தத்துக்குள் போய்விடும். நாள்பட்ட வகையில் நீர் எடுக்கப் பிசைவது உண்டு. அதைப் பாதி கேட்டுவிட்டு இங்கேயும் செய்யப் போகிற இளம் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

மூத்திரத்தில் சீழ் அணுக்கள் நிறைய. ரத்தத்தில் வெள்ளணு 17,800. மூத்திரம், ரத்தம் இரண்டையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பிவிட்டு, தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்து, செஃப்ட்ரையாக்சோனும் ஜென்டாமைசினும் ஊசியாக ஆரம்பித்தேன். சர்க்கரைக்கு இன்சுலின். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண்) பார்க்கலாமா என்று அங்கிருந்த ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அழற்சி இருக்கும்போது அந்த எண் எகிறித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று குடும்பம் ஒரு பக்கம் அழ ஆரம்பிக்கும். எல்லாம் அடங்கி ஆறேழு வாரம் கழித்துப் பார்ப்பதுதான் முறை.

நோயாளிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'பால் வியாபாரம்' என்று எழுதியிருந்தது. நானும் படித்துவிட்டு நகர்ந்தேன்.

நாலு வகை

1995இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் புராஸ்டேட் அழற்சியை நாலாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் வைத்துக்கொள்கிறோம்.

முதல் வகை, திடீரென்று வரும் கிருமி அழற்சி. மாமனுக்கு வந்தது இதுதான் என்று நினைத்தேன். பெரும்பாலும் குடலில் வாழும் ஈ. கோலை கிருமிதான் காரணம், அடுத்தடுத்து கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ். சரியான மருந்து போனால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் மருந்து இரண்டிலிருந்து நாலு வாரம் வரை போக வேண்டும்.

இரண்டாம் வகை, நாள்பட்ட கிருமி அழற்சி. இவர்களுக்குப் பெரிய காய்ச்சல் இருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மூத்திரத் தொற்று வரும், மாத்திரை போட்டால் போகும், திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் கல்ச்சரில் அதே கிருமி. புராஸ்டேட்டுக்குள் பதுங்கிக்கொண்டு அவ்வப்போது வெளியே வந்து போகிறது என்று அர்த்தம். இங்கே மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். முதல் வகையில் சுரப்பி கொதித்துக்கொண்டிருப்பதால் ஏறக்குறைய எந்த மருந்தும் உள்ளே போய்விடும். நாள்பட்டதில் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் வாசலிலேயே நின்றுவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், ஃபாஸ்ஃபோமைசின் மாதிரி சிலதான் உள்ளே நுழையும். அதையும் நாலிலிருந்து ஆறு வாரம் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் வகை, கிருமி இல்லாத இடுப்புக்குழி வலி. இதைப் பற்றி மருமகன் கதையில் வருகிறேன். நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி என்று வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வகைதான்.

நாலாவது, தொந்தரவே இல்லாதது. குழந்தை இல்லை என்று விந்துச் சோதனை செய்யும்போதோ, வேறு காரணத்துக்குச் சதை எடுக்கும்போதோ தற்செயலாகத் தெரியும். பொதுவாக மருந்து தேவையில்லை.

இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை

இரண்டாம் நாள் இரவு மூத்திரம் அடியோடு நின்றுவிட்டது. வீங்கிய புராஸ்டேட்டைக் கிழித்துக்கொண்டு குழாயை விடுவதற்குப் பதிலாக, தொப்புளுக்குக் கீழே வயிற்றின் வழியாகச் சின்ன டியூப் ஒன்றை மூத்திரப்பைக்குள் வைத்தார்கள். 750 மி.லி. வந்தது. "உயிர் வந்துச்சு சயா" என்றார். உயிர் வந்தது சரி, காய்ச்சல் போகவில்லை.

மூன்றாம் நாள் மூத்திரக் கல்ச்சர் வந்தது. எதுவும் வளரவில்லை. மருந்துக்கடைப் பொட்டலம் செய்த வேலையாக இருக்கலாம். மருந்து தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் ஆகியும் காய்ச்சல் 102க்குக் கீழே இறங்கவில்லை. இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பது. நான் செய்தது என்ன? ஜென்டாமைசினை நிறுத்திவிட்டு சிப்ரோஃப்ளாக்சசினை ஏற்றி, நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் வீணானது என்னால்.

நான்காம் நாள் காலை, போர்வையை விலக்கிக்கொண்டு படுத்திருந்தார். அப்போதுதான் அவர் பாதங்களைப் பார்த்தேன். குதிகாலில் ஆழமான வெடிப்பு. விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்த சேற்றுப்புண். நகக்கண்ணில் காயாத களிமண். பால் வியாபாரியின் கால் இல்லை அது.

"அண்ணே, நடவுக்கு இறங்கினீங்களா?"

"ஆமா சயா. மூணு ஏக்கர் இருக்கு. ஆளுக்குக் கூலி கொடுக்க முடியல, நானே எறங்கிட்டேன். ஒரு மாசமா சேத்துலதான்."

சர்க்கரை, மழைக்காலம், நெல் வயல், வெறுங்கால், அடங்காத காய்ச்சல். பர்மாவில் படித்த மருத்துவனுக்கு இந்த ஐந்தும் சேர்ந்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். எனக்கு நான்காம் நாள்தான் சொன்னது.

அன்றைக்கே சி.டி. ஸ்கேன். புராஸ்டேட்டுக்குள் மூன்று சீழ்ப் பைகள், பெரியது 3 செ.மீ. மண்ணீரலிலும் இரண்டு சின்னக் கட்டிகள். சாதாரண ஈ. கோலை மண்ணீரல் வரை போய்க் கட்டி வைப்பது அபூர்வம்.

பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தேன். ரத்தக் கல்ச்சரில் ஏதோ வளர்கிறது, "சூடோமோனாஸ் வகை, வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்" என்றார்கள். மருந்து எதிர்ப்புப் பட்டியலைப் படிக்கச் சொன்னேன். ஜென்டாமைசின் கேட்கவில்லை, கொலிஸ்டின் கேட்கவில்லை, ஆனால் கோ-அமாக்சிக்ளாவ் கேட்கிறது. சாதாரண சூடோமோனாஸுக்கு இது அப்படியே தலைகீழாக இருக்கும். "தட்டை மூடி வையுங்க, மோந்து பார்க்காதீங்க" என்றேன். இந்தக் கிருமித் தட்டில் மண்வாசனை வரும் என்பார்கள். முகர்ந்தால் மூச்சு வழியாகப் போய்விடும் என்பதால் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. இரண்டு நாள் கழித்துத் தட்டில் வளர்ந்த கிருமிக் குமிழ்கள் கத்தரி வற்றல் மாதிரி சுருக்கம் விழுந்திருந்தன. நுண்ணோக்கியில் இரண்டு முனையும் சாயம் ஏறி ஊக்கு போலத் தெரிந்தது. பர்க்கோல்டேரியா சூடோமாலியை. நோயின் பெயர் மெலியோய்டோசிஸ்.

இந்த ஊரில் பிறந்த நோய்

இது உலகத்துக்கு முதலில் தெரிந்ததே ரங்கூனில்தான். 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்குறியியல் பார்த்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் விட்மோரும், அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும், இறந்துபோன ஏழைகளின் உடல்களில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எல்லாம் சீழ்க்கட்டிகளாக இருப்பதைப் பார்த்தார்கள். அவர்களில் பலர் மார்ஃபியா ஊசிப் பழக்கம் உள்ளவர்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போல இருக்கிறது, ஆனால் கிருமி வேறு என்று இருவர் பெயரிலும் 1912இல் எழுதினார்கள். பிறகு 'விட்மோர் நோய்' என்று ஒருவர் பெயர் மட்டும் நிலைத்தது. கிருஷ்ணசாமி நம் பக்கத்து ஆள் என்று பெயரே சொல்கிறது, ஆனால் இங்கேயுள்ள நம் ஆட்களிலேயே எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

கிருமி சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது. கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். சர்க்கரை நோய்தான் அதற்கு மிகப் பெரிய துணை. ஆண்களில் அதற்குப் புராஸ்டேட்டைப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் இருபது வருடம் தொடர்ந்து பார்த்ததில், மெலியோய்டோசிஸ் வந்த ஆண்களில் ஐந்தில் ஒருவருக்குப் புராஸ்டேட்டில் சீழ்க்கட்டி. அதனால்தான் அங்கே இந்த நோய் உறுதியான ஆண்களுக்கு, மூத்திரத் தொந்தரவு இல்லாவிட்டாலும், அடிவயிற்றை ஸ்கேன் செய்துவிடுகிறார்கள்.

நான் கொடுத்த மருந்துகளைப் பாருங்கள். ஜென்டாமைசினை இது மதிக்கவே மதிக்காது. செஃப்ட்ரையாக்சோன் அரைகுறை. சிப்ரோஃப்ளாக்சசினும் நம்ப முடியாதது. மூன்று அம்பு, மூன்றும் வீண்.

சிகிச்சை

செஃப்டாசிடைம் 2 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசியாக. 1989இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வில் இந்த மருந்துதான் சாவைப் பாதியாகக் குறைத்தது. புராஸ்டேட்டில் கட்டி இருப்பதால் இந்தச் சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே கோட்ரைமாக்சசோலையும் சேர்த்தோம். அது சுரப்பிக்குள் நன்றாக ஊறும்.

3 செ.மீ. கட்டியை மருந்து மட்டும் கரைக்காது. மூத்திரக் குழாய் வழியாகக் கருவியை விட்டு அறுவை நிபுணர் கட்டிகளைத் திறந்துவிட்டார். சாம்பலும் மஞ்சளுமாக 25 மி.லி. அளவுக்குச் சீழ். மண்ணீரல் கட்டிகளைத் தொடவில்லை. அவை மருந்திலேயே வற்றும்.

அப்புறமும் காய்ச்சல் விடவில்லை. மருமகன் தினமும் வாசலில் என்னை மறித்து, "மருந்த மாத்துங்க சயா" என்பார். இந்த நோயில் சரியான மருந்து போனாலும் காய்ச்சல் இறங்கச் சராசரியாக ஒன்பது நாள் ஆகும். இது தெரியாவிட்டால் மருத்துவரே பதறி நல்ல மருந்தை நிறுத்திவிடுவார். இந்த மருந்து தொடங்கிய எட்டாம் நாள் மாலை 99க்கு வந்தது. அன்றைக்குத்தான் ஒரு கிண்ணம் மொகிங்கா, இங்கத்திய மீன் குழம்பு நூடுல்ஸ், கேட்டுச் சாப்பிட்டார்.

ஊசி மொத்தம் நாலு வாரம். அதற்காக இரண்டு மாடுகளை விற்றார்கள். அதன் பிறகு கோட்ரைமாக்சசோல் மட்டும், மூன்று மாதம். அவர் எடை 58 கிலோ. அந்த எடைக்கு 480 மி.கி. மாத்திரை மூன்று, காலையும் இரவும். கூடவே ஃபோலிக் அமிலம். இது சாதாரணத் தொற்றுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு. அதனால் முதல் வாரங்களில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் அடிக்கடி பார்த்தோம், தோலில் தடிப்பு வந்தால் உடனே வரச் சொன்னோம். கிளிபென்கிளமைடைத் திரும்ப ஆரம்பிக்கவில்லை. அதோடு இந்த மருந்து சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். இன்சுலினிலேயே வைத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் என்றதும், "காய்ச்சல்தான் போயிடுச்சே?" என்று கேட்டார். பெரும்பாலும் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்குத்தான் இது திரும்பி வருகிறது. அவர் மனைவியைக் கூப்பிட்டு, சுவரில் தொங்குகிற காலண்டரில் ஒவ்வொரு நாளும் இரண்டு கோடு போடச் சொன்னேன்.

மருமகன்

மாமன் வீட்டுக்குப் போகும் நாளில் மருமகன் மட்டும் பின்தங்கி நின்றார். வயது 31. கதவைச் சாத்திவிட்டு, "சயா, எனக்கும் அந்தக் கிருமி இருக்குமோ? எனக்கும் அதே எடத்துலதான் வலி" என்றார்.

இரண்டு வருடமாக வலி. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேன் சீட்டில். உட்கார்ந்தால் அதிகமாகும், விந்து வெளியானதும் குத்தும். கல்யாணமாகி மூன்று வருடம், மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. வெவ்வேறு இடங்களில் புராஸ்டேட் அழற்சி என்று சொல்லி ஆறு தடவை சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவைகூடக் கல்ச்சர் செய்யவில்லை. நாலாவது தடவை குதிகாலுக்கு மேல் நரம்பு இழுத்துக்கொண்டு ஒரு வாரம் நொண்டியிருக்கிறார். நரம்பு இல்லை, தசைநாண். இந்த மருந்துக் குடும்பம் தசைநாணைப் பாதிக்கும் என்று 2008இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் கடுமையான எச்சரிக்கை போட்டது.

காய்ச்சல் ஒரு நாளும் இல்லை. விரல் சோதனையில் புராஸ்டேட் சாதாரணம். ஆனால் அதைச் சுற்றியுள்ள இடுப்புத் தசை முறுக்கேறிய கயிறு மாதிரி. அதைத் தொட்டதும் "இதுதான், இதேதான்" என்றார். காய்ச்சல் இல்லாததால் இவருக்குப் புராஸ்டேட்டைப் பிசையலாம். பிசைவதற்கு முன் ஒரு கிண்ணம், பின் ஒரு கிண்ணம் மூத்திரம் எடுத்தேன். 1968இல் மியர்ஸும் ஸ்டேமியும் சொன்ன நாலு கிண்ணச் சோதனையின் எளிய வடிவம் இது. இரண்டிலும் கிருமி வளரவில்லை, சீழ் அணுவும் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் காசநோயையும் பாதி மூடி மறைத்துவிடும் என்பதால், இந்த நாட்டில் இருக்கும் காசநோயை நினைத்து, மூன்று நாள் அதிகாலை மூத்திரமும் நெஞ்சுப் படமும் பார்த்தேன். சுத்தம்.

ஆக மூன்றாம் வகை, அதிலும் சீழ் அணு இல்லாத கிளை. இதை அளக்க 43 புள்ளிக்கு ஒரு கேள்வித்தாள் உண்டு: வலிக்கு 21, மூத்திரத் தொந்தரவுக்கு 10, வாழ்க்கை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு 12. இவருக்கு 26.

"கிருமி இல்லையா? அப்ப மனசுதானா?" என்று முகம் சுருங்கிவிட்டது. மனசில்லை தம்பி, தசையும் நரம்பும் என்றேன். முதலில் ஏதோ ஒன்று கிளப்பிவிட்டிருக்கும், அது போன பிறகும் தசை பிடித்துக்கொண்டே இருக்கிறது, பயம் அதை இன்னும் இறுக்குகிறது.

ஏழாவது தடவை ஆன்டிபயாடிக் எழுதவில்லை. டாம்சுலோசின் 0.4 மி.கி. இரவில், ஆறு வாரம். இது எல்லோருக்கும் கேட்காது, மூத்திரம் தயங்கி வருபவர்களுக்குக் கொஞ்சம் கேட்கும், இவருக்குத் தயக்கம் இருந்தது. அகலத் தொட்டியில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் உட்காருவது. மணிக்கு ஒரு தடவை வேனை விட்டு இறங்கி நடப்பது. எல்லாவற்றையும்விட உதவியது பிசியோதெரபி. அங்கேயும் ஒரு விஷயம்: இணையத்தில் பார்த்துவிட்டு இவர் இடுப்புத் தசையை இறுக்கும் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார். ஏற்கெனவே முறுக்கிய கயிற்றை இன்னும் முறுக்கியது மாதிரி. தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும். வயிறு உப்ப மூச்சிழுத்து, மூத்திரம் போக விடுவது போல் அடியைத் தளரவிடுவது.

மூன்று மாதத்தில் புள்ளி 26இலிருந்து 15. ஆறு குறைந்தாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது கணக்கு. வலி முழுக்கப் போகவில்லை. மழை நாளில் நெரிசலில் மாட்டினால் வருகிறது என்கிறார். ஆனால் மனைவியிடம் சொல்லிவிட்டார், அடுத்த தடவை இருவருமாக வந்தார்கள்.

அடுத்த நடவு

மாமன் மாத்திரைகளை முடித்ததும் திரும்ப ஸ்கேன் எடுத்தோம். புராஸ்டேட்டில் பைகள் இல்லை, ஒரு சின்ன வடு. மண்ணீரல் சுத்தம். அப்போதுதான் பி.எஸ்.ஏ. பார்த்தேன், 1.8. காலண்டரையே சுருட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். மூன்று மாதத்தில் நாலே நாள் கோடு விட்டுப்போயிருந்தது, தீமிதித் திருவிழா நாட்கள் என்று மனைவி காட்டிக் கொடுத்தார்.

அடுத்த ஆனியில் சர்க்கரை பார்க்க வந்தபோது வாசலிலேயே அவர் காலைத்தான் பார்த்தேன். வெடிப்பு பாதி ஆறியிருந்தது. ரப்பர் பூட்ஸ் வாங்கினீர்களா என்று கேட்டேன்.

"வாங்கியாச்சு சயா."

"போடுறீங்களா?"

"சேத்துல கழண்டுக்குது" என்றார். மனைவி பக்கத்திலிருந்து, "மாட்டுக் கொட்டாயில தொங்குது சயா, புதுசு மாதிரியே" என்றார்.